சுடும் விளையாட்டுகளில் காட்சி மேம்பாடு: ஒரு மதிப்பீடு

கணினியில் விளையாடும் சுடும் விளையாட்டுகளின் காட்சித் தரத்தை, அவற்றைத் தயாரித்த நிறுவனத்தைச் சாராத ரசிகர்கள் தாங்களே மாற்றியமைப்பது காட்சி மேம்பாடு எனப்படுகிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. விளையாட்டின் கோப்புகளை மாற்றியோ புதிய கோப்புகளைச் சேர்த்தோ செய்வது ‘மாட்’. மெனுவில் காட்டப்படாத அளவுகளை அமைப்புக் கோப்பைத் திறந்து கூட்டிக் குறைப்பது ‘ட்வீக்’. பேச்சு வழக்கில் இரண்டையும் மாட் என்றே சொல்பவர்கள் அதிகம்.

இந்த மாட்கள் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு படங்களோடு முடிந்துவிடுகிறது. இடப்பக்கம் மங்கலான பழைய படம், வலப்பக்கம் பளபளக்கும் புதிய படம். ஆனால் அசையாத படத்தில் வெல்லும் மேம்பாடு விளையாடும்போது தோற்பதுண்டு. சுடும் விளையாட்டில் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதே ஆட்டத்தின் விதி. தாயக்கட்டத்துக்கு எந்த வண்ணமும் பூசலாம்; கட்டங்களே தெரியாதபடி பூசினால் ஆட்டம் நடக்காது. பரவலாகப் பாராட்டப்பட்ட மேம்பாடுகளில் சில இந்தச் சோதனையில் தேறுவதில்லை. அதிகம் பேசப்படாத சில நன்றாகவே தேறுகின்றன.

தோற்றம்

மாட் செய்யும் வழக்கத்துக்கு வாசல் திறந்தது 1993 டிசம்பரில் வெளிவந்த டூம். ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஜான் கார்மாக், விளையாட்டை இயக்கும் நிரலைத் தனியாகவும் படம், ஒலி, நிலவரைபடம் ஆகியவற்றைத் தனியாகவும் பிரித்து வைத்தார். பின்னவை எல்லாம் ‘வாட்’ என்ற கோப்புக்குள் இருந்தன. ஆகவே நிரலைத் தொடாமலே ஒரு சுவரின் படத்தை மாற்ற முடிந்தது. 1997-ல் டூமின் மூலநிரலும் 1999-ல் குவேக்கின் மூலநிரலும் பொதுவில் வெளியிடப்பட்டன. முப்பது ஆண்டுக்கு முந்தைய அந்த விளையாட்டுகள் இன்றைய கணினியில் தடையின்றி ஓடுவதற்கு இந்தத் தாராளமே காரணம்.

அடுத்த திருப்பம் 1998-ல் வந்த ஹாஃப்-லைஃப். அதன் மீது மின் லீ, ஜெஸ் கிளிஃப் இருவரும் செய்த மாட்தான் 1999-ல் தோன்றிய கவுன்ட்டர்-ஸ்ட்ரைக். வால்வ் நிறுவனம் அதை வாங்கி மறு ஆண்டே தனி விளையாட்டாக விற்றது. விடுதி அறைகளில் விடிய விடிய அதை விளையாடிய பலருக்கும், தாங்கள் விளையாடுவதே ஒரு மாட் என்பது தெரிந்திருக்காது.

காட்சிக்கென்றே தனிக் கருவிகள் பிறகு வந்தன. போரிஸ் வோரன்ட்சோவ் உருவாக்கிய இ.என்.பி., அதைவிடப் பரவலான ரீஷேட் போன்றவை விளையாட்டுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவே உட்கார்ந்து, திரைக்குப் போகும் படத்தின் நிறத்தையும் கூர்மையையும் நிழலையும் மாற்றுகின்றன. டீஜிவூடூ 2 பழைய டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை இன்றைய கார்டுகளுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. பழைய விளையாட்டு திறந்தவுடன் கறுப்புத் திரை காட்டி மூடிக்கொண்டால் முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதைத்தான்.

தேனி, கம்பம் பகுதியில்

2000-களில் தேனி, போடி, சின்னமனூர், கம்பம் போன்ற ஊர்களில் பிரவுசிங் சென்டர்களிலும் பிறகு வீட்டுக் கணினிகளிலும் இளைஞர்கள் விளையாடியவை, தமிழ்நாட்டின் பிற சிறு நகரங்களில் விளையாடப்பட்ட அதே நாலைந்துதான்: கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 1.6, புராஜெக்ட் ஐ.ஜி.ஐ., வைஸ் சிட்டி இன்ன பிற. அவை நல்ல விளையாட்டுகள் என்பது ஒரு காரணம். எந்தக் கணினியிலும் ஓடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். நார்வேயின் இன்னர்லூப் நிறுவனம் 2000-ல் செய்த ஐ.ஜி.ஐ. தன் பிறந்த நாட்டைவிட இந்தியாவில்தான் அதிகம் நினைக்கப்படுகிறது என்று சொன்னால் மிகையாகாது. அதில் ஆட்டத்தின் நடுவே சேமித்து வைக்கும் வசதி கிடையாது. 2012-ல் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டில் கிடந்தபோது, யு.பி.எஸ். இல்லாத வீட்டில் ஐ.ஜி.ஐ. விளையாடுவது தனிச் சோதனை.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களின் கைக்குக் கணினியைக் கொண்டுவந்தது. பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. அவற்றில் தனிக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எனவே இந்தப் பகுதியில் ட்வீக் என்றால் பெரும்பாலும் காட்சியைக் குறைப்பது என்றே பொருள். மேலைநாட்டு ரசிகர் அமைப்புக் கோப்பைத் திறந்து நிழலைக் கூட்டினார். இங்குள்ள மாணவர் அதே கோப்பைத் திறந்து அதே வரியில் சுழியத்தை இட்டார். இதை ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று ஒதுக்கிவிடுவது தவறு. எதை எடுத்தால் ஆட்டம் கெடாது என்று கண்டுபிடிப்பதற்கு, எதைச் சேர்த்தால் அழகு கூடும் என்று கண்டுபிடிப்பதைவிட நுட்பமான கண் வேண்டும்.

குறைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கைவைக்க வேண்டியது நிழலில். நிழல் வரைய, விளக்கு இருக்கும் இடத்திலிருந்து அதே காட்சியைக் கணினி இன்னொரு முறை வரைந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்தது திரையின் புள்ளிகள். 1920×1080 அளவில் ஒவ்வொரு படத்துக்கும் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1366×768-ல் அதில் பாதி. 1024×768-ல் எட்டு லட்சத்துக்கும் குறைவு. நொடிக்கு 60 படம் வேண்டுமானால் ஒரு படத்தை முடிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. பாதிப் புள்ளிகளைக் குறைத்தால் அந்த நெருக்கடி தளர்ந்துவிடும். டெக்ஸ்சர் எனப்படும், சுவர் மீதும் தரை மீதும் ஒட்டப்படும் படங்களைக் கடைசியாகத்தான் குறைக்க வேண்டும். அவை நினைவகத்தில் இடம்பிடிக்குமே தவிர, கணக்குச் சுமையை அதிகம் கூட்டுவதில்லை. நினைவகம் போதுமானதாக இருக்கும்போதே டெக்ஸ்சரைக் குறைத்து, நிழலை அப்படியே விட்டு, படம் களிமண்ணாகியும் திக்கித் திணறுகிறதே என்று அலுத்துக்கொள்வது வழக்கமாக நடப்பது.

தனிக் கார்டு இல்லாத கணினி, பொது நினைவகத்தையே காட்சிக்கும் பங்கிட்டுக்கொள்கிறது. எட்டு ஜி.பி. ராம் ஒரே பட்டையாக இருப்பதைவிட நான்கு நான்காக இரண்டு பட்டைகளாக இருந்தால் தரவு போகும் பாதை இரட்டிப்பாகும். எந்த மாட்டும் தராத பலனை இது தரும். சித்திரை வெயிலில் மடிக்கணினியை மெத்தை மேல் வைத்து விளையாடினால், சூடு தாங்காமல் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியில் படிந்த தூசியைத் துடைப்பதும் ஒரு காட்சி மேம்பாடுதான்.

தொலைவும் மூட்டமும்

கூடலூரைத் தாண்டி லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். பெரியாறு மின்நிலையத்துக்கு இறங்கும் பெருங்குழாய்கள் அருகே பளிச்சென்று தெரியும். கூடலூர்ப் பக்கத்து வயல் பச்சை. அதற்கப்பால் பச்சை வெளிறும்; தென்னந்தோப்புகள் சாம்பல் பூத்துப்போகும். கிழக்கே மேகமலை ஒரு நீலக் கோடாக மட்டும் நிற்கும். இடையிலுள்ள காற்றின் ஈரமும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதால் ஏற்படும் வெளிறல் இது. கண் இந்த வெளிறலை வைத்தே தூரத்தை அளக்கிறது. சாரல் பெய்து ஓய்ந்து காற்று கழுவிவிடப்பட்ட நாளில் பார்த்தால், மலை ஒரு கல்லெறி தூரத்துக்கு வந்துவிட்டதுபோல் தோன்றும். பள்ளத்தாக்கே சுருங்கிவிட்டதாகப்படும்.

இந்த மூட்டத்தைப் பழைய விளையாட்டுகள் வேறு காரணத்துக்காகப் பயன்படுத்தின. தொலைவிலுள்ள கட்டடங்களை வரைய அன்றைய கணினிகளுக்குச் சக்தி இல்லை. வரையப்படாத இடத்தை மூடி மறைக்கப் பனி தேவைப்பட்டது. ஆகவே புதிய கணினி கிடைத்ததும் ரசிகர்கள் முதலில் நீக்கியது பனியைத்தான். இது ஏன் கோளாறு என்பதற்கு ரசிகர்களின் மாட்டைவிட, ஒரு நிறுவனமே செய்த மேம்பாடு நல்ல எடுத்துக்காட்டு.

வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் உள்ளிட்ட மூன்று விளையாட்டுகளை ராக்ஸ்டார் நிறுவனம் 2021 நவம்பர் 11 அன்று புதுப்பித்து வெளியிட்டது. குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ் செய்த அந்தப் பதிப்பில் சான் ஆண்ட்ரியாஸின் மூட்டம் விலக்கப்பட்டது. பழைய பதிப்பில் சிலியட் மலை உச்சியில் நிற்பவருக்கு, கீழே எங்கோ மூன்று பெருநகரங்களும் பாலைவனமும் இருக்கின்றன என்ற எண்ணம் மட்டும் இருந்தது. புதியதில் எல்லாமே ஒரே பார்வையில் தெரிந்தன. ஒரு மாநிலம் ஒரு பொம்மைத் தீவு ஆயிற்று. கற்பனையில் மணிக்கணக்காக ஓட்டிய தூரம் கண்ணெதிரே நாலு தெரு தள்ளி நின்றது. மழைக் கோடுகள் காட்சியையே மறைத்தன, மனித உருவங்கள் உப்பிப்போயின என்று குறைகள் நீண்டன. நவம்பர் 19 அன்று ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, விற்பனையிலிருந்து நீக்கியிருந்த பழைய பதிப்புகளைக் கணினிக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. 2024 நவம்பர் புதுப்பிப்பில் பழைய ஒளியமைப்பும் வானமும் ஒரு தேர்வாகச் சேர்க்கப்பட்டன. இயலாமையால் வைத்த மூட்டம் காலப்போக்கில் அந்த நிலத்தின் பரப்பாகவே மாறிவிட்டது என்பதைக் கண்டுகொள்ள மூன்று ஆண்டுகள் பிடித்தன. இந்தப் பதிப்பு வருவதற்குமுன் அதே விளையாட்டுகளுக்கு ரசிகர்கள் செய்திருந்த மாட்கள் பல சட்ட அறிவிக்கை மூலம் நீக்கப்பட்டன என்பது இதில் கசப்பான செய்தி. அவற்றில் சில, விலைக்கு வந்த பதிப்பைவிட நல்ல கண்ணோடு செய்யப்பட்டவை.

ஒளி

உத்தமபாளையம், கம்பம் வட்டாரத்துத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றால், வெயில் நேரடியாக விழாத இடத்திலும் இருட்டு இல்லை. இலை வழியே இறங்கிய வெளிச்சம் மண்ணில் பட்டுத் திரும்பி இலையின் அடிப்பக்கத்தில் ஏறுகிறது. நிழலுக்கே ஒரு பசுமை கலந்த நிறம் இருக்கிறது. ஒளி இப்படிப் பட்டுப் பட்டுத் திரும்புவதைக் கணக்கிடுவதுதான் கணினிக் காட்சியின் கடினமான வேலை. 1990-களில் இதை ஒருமுறை கணக்கிட்டுச் சுவர்களின் மேல் பதித்து வைத்தார்கள். 2007-ல் கிரைட்டெக் நிறுவனத்தின் கிரைசிஸ், மூலை முடுக்குகளில் ஒளி குறைவதைத் திரையிலுள்ள ஆழத்தை வைத்தே உடனுக்குடன் தோராயமாகக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. ஒளிக்கதிரையே பின்தொடரும் முறை 2019 ஜூனில் வந்த குவேக் 2 ஆர்.டி.எக்ஸ். மூலம் பழைய விளையாட்டுக்குள் முழுமையாக நுழைந்தது.

ஒளியைத் திருத்தும் மாட்களில் நிகழும் பிழைக்கு முதல் உதாரணம் மிகப் பழையது. 1997-ல் ஐடி நிறுவனமே வெளியிட்ட ஜி.எல்.குவேக், கிராபிக்ஸ் கார்டின் துணையால் குவேக்கை வழவழப்பாகக் காட்டியது, எல்லோரும் வியந்தார்கள். ஆனால் மூல விளையாட்டில் விளக்கருகே ஒரு சுவர் தன் இயல்பான நிறத்தைவிடப் பிரகாசமாக எரியும். ஜி.எல்.குவேக்கில் அந்த மிகை வெளிச்சம் வெட்டுப்பட்டது. துரு ஏறிய கூர்மையான சுவர்கள் ஈரத்துணி போல மங்கின. 256 நிறங்களை வைத்துக்கொண்டு செய்த அச்சமூட்டும் இருட்டு, வெறும் பழுப்பு ஆனது. பின்னாளில் வந்த ரசிகர் பதிப்புகள்தாம் அந்த வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்தன. பழைய விளையாட்டைப் புதிய கணினியில் ஓட்டுபவர் டெக்ஸ்சரை வழவழப்பாக்கும் தேர்வை அணைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பது நல்லது.

செர்னோபில் அணு உலையைச் சுற்றிய கைவிடப்பட்ட நிலத்தைக் களமாகக் கொண்ட, உக்ரைனின் ஸ்டாக்கர் (2007) அதிகமாக மாட் செய்யப்பட்ட சுடும் விளையாட்டுகளில் ஒன்று. அதற்கு வந்த ‘கம்ப்ளீட்’ மாட் பெரும் புகழ் பெற்றது. வானம் தெளிந்தது, சூரியன் கண்ணைக் கூசியது, புல் செழித்தது. சாம்பல் நிறத்தில், மழைக்கு முன்னான மந்தத்தில் வாழும் நிலத்துக்கு இவ்வளவு செழிப்பு எதற்கு என்ற கேள்வியை அது கேட்டுக்கொள்ளவில்லை. இதே விளையாட்டுக்கு வந்த ‘ஆட்டம் அரோரா’ மாட் பருவத்தையே இலையுதிர் காலமாக்கியது. டெக்ஸ்சரும் ஒளியும் அதற்கேற்ப மாறின. மூலத்தில் இல்லாததைச் சேர்த்தபோதும், மூலத்தின் மனநிலையிலேயே இன்னும் ஓர் அடி உள்ளே போயிற்று. இரண்டில் இதுவே உயர்ந்தது.

ரீஷேட் அமைப்புகளில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. நிறத்தை ஏற்று, விளிம்பைக் கூராக்கு, மூலைகளைக் கறுப்பாக்கு என்ற மூன்றே கட்டளைகள். ஆவணியில் கம்பத்து நெல்வயலைப் பார்த்தவருக்கு, பச்சைக்குள் மஞ்சள், நீலம், நீரின் வெண்மை எல்லாம் இருப்பது தெரியும். திரையில் ஏற்றிய பச்சை ஒரே பச்சை. சுவரொட்டிக்கு அது போதும்.

ஒளியைத் தொட்டவற்றில் சிறந்தது ஃபிலிப் விக்டர் 2015-ல் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப் 2: அப்டேட்’. 2004-ல் வந்த ஹாஃப்-லைஃப் 2-ன் ஒளி, மூட்டம், நீர், துகள் விளைவுகள், பழைய பிழைகள் ஆகியவற்றை மட்டும் அவர் சீர்செய்தார். புதிய ஆயுதம் இல்லை; புதிய முகம் இல்லை. சாளரத்தின் வழியே விழும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெரிகிறது, அவ்வளவுதான். விளையாடுபவர் முதல் பத்து நிமிடத்தில் வித்தியாசத்தை உணராமல்கூடப் போகலாம். பிறகு மூலத்தைத் திறந்தால் உடனே உணர்வார். நல்ல காட்சி மேம்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவருக்குக் காட்ட வேண்டியது இதைத்தான். இலவசமாகவும் கிடைக்கிறது.

முகங்களும் பொருள்களும்

அதே ஹாஃப்-லைஃப் 2-க்கு ஃபேக்ஃபேக்டரி என்ற புனைபெயரில் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது ‘சினிமாட்டிக் மாட்’. உழைப்பின் அளவில் இதை மிஞ்சியவை குறைவு. டெக்ஸ்சர்கள் எல்லாம் புதிதாயின. கதையின் நாயகி அலிக்ஸ் வான்ஸின் முகமும் உடையும்கூட மாறின. மூலத்தில் அலிக்ஸ் கறுப்பினத் தந்தைக்கும் ஆசிய வம்சத் தாய்க்கும் பிறந்தவள். எண்ணெய்க் கறை படிந்த சட்டையில் இயந்திரம் பழுதுபார்ப்பவள். மாட்டில் அவள் விளம்பரத்துக்கு நிற்கும் அழகி. விடுதலைக்குப் போராடும் ஊரில், சோற்றுக்கு வரிசையில் நிற்கும் மனிதர்களுக்கு நடுவே, உதட்டுச்சாயம் கலையாமல் ஒருத்தி ஓடிவரும்போது கதையின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடுகிறது. டெக்ஸ்சரின் அகலம் 256 புள்ளியிலிருந்து 2048 ஆகும்போது மொத்தப் புள்ளிகள் 64 மடங்காகின்றன. பாத்திரத்தைப் பற்றிய புரிதல் அவ்வாறு பெருகவில்லை. வைஸ் சிட்டியில் இந்திய நடிகர்களின் முகத்தை ஒட்டி இங்கே உலவிய மாட்களை யாரும் கலை என்று சொன்னதில்லை. அவை வேடிக்கை, வேடிக்கை என்று தெரிந்தே விளையாடப்பட்டன. சினிமாட்டிக் மாட்டின் சிக்கல் அது தன்னை மேம்பாடு என்று அழைத்துக்கொண்டதில் இருக்கிறது.

பொருள்களிலும் இது நடக்கும். 2001-ல் ஹாஃப்-லைஃபின் ப்ளூ ஷிஃப்ட் பதிப்போடு வந்த உயர்தரத் தொகுப்பு எம்.பி.5 துப்பாக்கியை எம்4 ஆக மாற்றிக் காட்டியது. ஆட்டக் கணக்கில் அதில் இருந்த 50 தோட்டாக்கள் அப்படியே இருந்தன. பார்வைக்கு ஒன்று, கைக்கு வேறொன்று.

கிராபிக்ஸை மாற்றுவதோடு நிற்காமல் முழு விளையாட்டையும் மீண்டும் கட்டிய ‘பிளாக் மேசா’ இதற்கு எதிர்ப்புறம் நிற்கிறது. 2012-ல் மாட்டாக வந்து, 2020 மார்ச்சில் முழுமையடைந்த இப்படைப்பு, 1998-ன் ஹாஃப்-லைஃபைப் புதிய இயந்திரத்தில் அறை அறையாக எழுப்பியது. மூலத்தில் அவசரமாக முடிக்கப்பட்டதாகத் தோன்றும் கடைசிப் பகுதியான ஸென் உலகம் இங்கே பல மடங்கு விரிந்தது. சில இடங்களில் அளவு மீறிவிட்டது என்ற குறை நியாயமானது. ஆயினும் ஆய்வகத்துப் பகுதியில் ஒவ்வொரு வழியும், ஒவ்வொரு விளக்கும் எங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. காட்சி அங்கே வேலை செய்கிறது.

அண்மையில் டெக்ஸ்சரைப் பெரிதாக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொண்டது. 2018 டிசம்பரில் ஹிட்ஃபேன் என்பவர் டூமின் படங்களை இவ்வாறு இரு மடங்காக்கி வெளியிட்டார். பிறகு கையால் திருத்தவும் செய்தார். அந்தக் கைத்திருத்தம்தான் அதைக் காப்பாற்றியது. மேலே சொன்ன 2021 பதிப்பில் கடைப் பலகைகளின் எழுத்துகள் பிழையாக வந்ததற்கு, பெரிதாக்கியபின் யாரும் படித்துப் பார்க்காததே காரணம். மங்கலான எழுத்தை ஒரு மனிதன் ஊகித்தால் சொல்லைத் தேடுவான். இயந்திரம் கோட்டைத் தேடியது.

மறைவிடம்

சுடும் விளையாட்டில் பலர் ஒருவரோடு ஒருவர் மோதும்போது காட்சியின் விதித்தன்மை வெளிப்படையாகிறது. குவேக் 3-ன் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ‘பிக்மிப்’ என்ற அளவைக் கூட்டி, சுவர்ப் படங்களை வெறும் வண்ணப் பட்டைகளாக்கிக்கொண்டார்கள். எதிரி அந்தப் பின்னணியில் எறும்பு போலத் துலங்கினார். பணம் கொடுத்து வாங்கிய கார்டில் வேண்டுமென்றே அசிங்கமான படம்! பப்ஜியில் தொலைவிலுள்ள புல் வரையப்படுவதில்லை. புல்லுக்குள் குப்புறப் படுத்தவர் தான் மறைந்திருப்பதாக நினைப்பார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மொட்டை மண்ணில் கிடப்பார். புல்லை அதிகமாகக் காட்டும் அமைப்பை வைத்தவர் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறார். 2023 செப்டம்பரில் வந்த கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2, புகைக்குண்டின் புகையை எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே வடிவில், ஒரே இடத்தில் நிற்கும் ஒரு பொருளாக ஆக்கியது. புகை அழகானது என்பதைவிட, அது எல்லோருக்கும் ஒன்றே என்பதுதான் அதன் தரம்.

2014-ல் யூபிசாஃப்ட்டின் வாட்ச் டாக்ஸ், இரண்டு ஆண்டு முன்பு கண்காட்சியில் காட்டியதைவிட மங்கலாக வந்தது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். சில வாரங்களில் தவர்ஸ் என்ற புனைபெயர் கொண்டவர், பழைய காட்சி விளைவுகளில் சில விளையாட்டின் கோப்புகளுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு எழுப்பிவிட்டார். நிலைத்தன்மையும் தெளிவும் பாதிக்கப்படும் என்பதால் அணைத்து வைத்தோம் என்று நிறுவனம் விளக்கமளித்தது. நிறுவனத்தின் விளக்கத்தை யாரும் நம்பவில்லை. நம்பாததற்கு விளம்பரம் ஒரு காரணம். ஆனால் மழையிரவில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கு கண்ணைப் பறிக்க, பின்னணி மங்கலாகும் அந்த மாட்டில் வண்டி ஓட்டிப் பார்த்தால், விளக்கத்தில் பாதி உண்மை இருப்பது புரியும்.

கிரைசிஸ் விஷயத்தில் நியாயம் ரசிகர் பக்கம். மிக உயர்ந்த காட்சித்தரம் புதிய விஸ்டாவில் மட்டுமே கிடைக்கும் என்று மெனு சொன்னது. அமைப்புக் கோப்பில் சில எண்களை மாற்றியதும் பழைய எக்ஸ்பியிலேயே ஏறத்தாழ முழுதும் கிடைத்தது. பூட்டு கதவில் இல்லை, பலகையில்தான் எழுதியிருந்தது.

செய்முறைக் குறிப்புகள்

மாட் போடுமுன் விளையாட்டின் முழு அடைவையும் நகலெடுத்து வைப்பது அவசியம். ஒரு நேரத்தில் ஒரு மாட் மட்டும் சேர்க்க வேண்டும். ஐந்தைச் சேர்த்துவிட்டு எது கெடுத்தது என்று தேடுவது வீண் வேலை. பலர் சேர்ந்து விளையாடும் விளையாட்டுகளில் ஏமாற்றைத் தடுக்கும் மென்பொருள், மாற்றப்பட்ட கோப்பைக் கண்டால் கணக்கையே முடக்கக்கூடும். கைபேசிப் பப்ஜியில் ஜி.எஃப்.எக்ஸ். டூல் போன்ற செயலிகளைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே அபாயம் உண்டு. கிராக் என்ற பெயரில் வரும் கோப்புகளோடு வைரசும் வரும் என்பதால், மாட்டை அதன் ஆசிரியர் வெளியிட்ட இடத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

4:3 அளவுக்குச் செய்த பழைய விளையாட்டை இன்றைய அகலத் திரையில் அப்படியே இழுத்தால் எல்லோரும் குட்டையாகவும் பருத்தும் தெரிவார்கள். பார்வைக் கோணத்தைச் சரிசெய்யும் திருத்தத்தை முதலில் தேடுவது நல்லது. எந்தப் பளபளப்பும் இந்த ஒரு திருத்தத்துக்கு ஈடாகாது. இதற்குக் கூடுதல் கார்டும் வேண்டியதில்லை.

மேம்பாட்டைச் சோதிக்க நின்ற படம் போதாது. விளையாட்டில் ஓர் இருண்ட அறை, ஒரு திறந்த வெளி, பலர் சேர்ந்து சுடும் ஓர் இடம் என மூன்றைத் தேர்ந்தெடுத்து, மாட்டுக்கு முன்னும் பின்னும் அங்கே சில நிமிடங்கள் ஆடிப் பார்க்கலாம். இருண்ட அறையில் வாசல் தெரிகிறதா, திறந்த வெளியில் தொலைவு தொலைவாக இருக்கிறதா, சண்டையில் யார் எங்கிருந்து சுடுகிறார் என்று தெரிகிறதா என்பவை கேள்விகள். 2025 மார்ச்சில் முன்னோட்டமாக வந்த ஹாஃப்-லைஃப் 2 ஆர்.டி.எக்ஸ்., ரேவன்ஹோம் என்ற இருண்ட ஊரை ஒளிக்கதிர்க் கணக்கில் மறுபடி கட்டியிருக்கிறது. அதை ஓட்ட விலையுயர்ந்த கார்டு வேண்டும். ஹாஃப்-லைஃப் 2: அப்டேட்டில் அதே ரேவன்ஹோமைச் சாதாரண மடிக்கணினியில் விளையாடலாம், நிழலை மட்டும் ஒரு படி குறைத்தால் போதும்.